இறாலை வைரக்கத்தியால் அரிந்தால்

குருக்கள்மடத்தில் வாவி இறால் குசினிக்கு வந்தால், கோது நிறம் மாறியிருக்கிறதா என்று ஒருமுறை புரட்டிப் பார்ப்போம். 1996இல் புத்தளப் பக்கத்து இறால் பண்ணைகளைச் சாய்த்த வெண்புள்ளி நோய் கோதில்தான் புள்ளி வைக்கும். அதைக் கொண்டுவரும் வைரசு இருப்பதோ கலத்தின் கருவுக்குள். நீளம் ஏறத்தாழ 300 நனோமீற்றர், தடிப்பு அதில் பாதியும் வராது.

சாதாரண நுணுக்குக்காட்டிக்கு அதன் உருவம் பிடிபடாது. 200 நனோமீற்றருக்குள் நெருங்கி நிற்கும் இரண்டு புள்ளிகள் ஒளிக்கு ஒன்றுதான். அகப்பைக் காம்பால் தடவிக் கடுகின் உருவத்தை அறிய முடியுமா? அதனால் ஒளிக்குப் பதில் இலத்திரனைப் பாய்ச்சும் இலத்திரன் நுணுக்குக்காட்டி வேண்டும். இலத்திரனின் அலை ஒளியின் அலையில் இலட்சத்தில் ஒரு பங்கிலும் சிறியது. அதைக் குவிக்கக் கண்ணாடி வில்லைக்குப் பதில் காந்தச் சுருள் வைக்கிறார்கள்.

ஆனால் இலத்திரன் வெற்றிடத்தில்தான் நேராக ஓடும். ஈரமான இறாலை அங்கே வைத்தால் நீர் ஆவியாகிக் கலம் சிதையும். அதனால் முதலில் சமையல்.

செத்த இறால் எவ்வளவு கெதியில் பழுதாகும் என்பது நமக்குத் தெரியும். கலமும் அப்படியே. இறாலின் பூவில் (செவுளில்) ஒரு மில்லிமீற்றர் துண்டை வெட்டி உடனே குளூட்டரல்டிகைட்டுக் கரைசலில் போடுகிறார்கள். முட்டை அவியும்போது வெள்ளை இறுகுவதுபோல, புரதங்கள் ஒன்றையொன்று பிடித்து இருந்த இடத்திலேயே நின்றுவிடும். கொழுப்பைப் பிடிக்க ஒசுமியம். பிறகு எதனோலைப் படிப்படியாகக் கூட்டி நீரை எடுத்து, அந்த இடத்தில் பிசினை ஏற்றி, 60 பாகை சூட்டில் இறுக விடுவார்கள். இறுகாததை மெல்லிசாக அரிய முடியாது: சூட்டோடு தொதலை வெட்டினால் கத்தியில் ஒட்டும், ஆறி இறுகினால்தான் துண்டு விழும்.

என் மனம் நிற்பது அரியும் இடத்தில். வைரக்கத்தி சீவும் துண்டின் தடிப்பு 70 நனோமீற்றர். இரண்டு மில்லிமீற்றர் தடித்த அரிசியை அப்படிச் சீவினால் 28,000 துண்டுக்கு மேல் வரும்! நீரில் மிதக்கும் துண்டைச் செப்பு வலையில் ஏந்தி, யுரேனிய, ஈய உப்புகளில் தோய்க்கிறார்கள். உலோகம் ஒட்டிய இடத்தில் இலத்திரன் சிதறும். படத்தில் அந்த இடம் கறுப்பு.

படத்தை வாசிப்பதற்கும் குசினி அறிவு வேண்டும். அவித்த முட்டையின் நுனியை அரிந்தால் மஞ்சட்கரு தெரியாது. கருவில்லாத கலம் படத்தில் வந்தால் அதை நினைக்கவேண்டும். கொச்சிக்காயைக் குறுக்கே அரிந்தால் வளையம், நெடுக்கே அரிந்தால் நீளத்துண்டு. நோய்பட்ட இறாலின் கலக்கருவிலும் சில இடத்தில் கறுத்த நடுவுள்ள வளையம், பக்கத்திலேயே நீள்வட்டம். இரண்டும் அதே வைரசுதான், கத்தி போன திசை வேறு.