காரை மந்திரிக்க வந்தவரிடம் நாம் கேட்ட தாள்

ஞாயிறு திருப்பலி முடிந்ததும் கோவில் வாசலில் மாலை சூட்டிய காரொன்று நிற்பது ஒரகடம் பகுதியில் இப்போது புதுமையன்று. 2010-இல் ரெனோ–நிசான் ஆலையும் 2012-இல் டைம்லர் லாரி ஆலையும் இங்குத் திறக்கப்பட்டன. அன்று முதல் பிறருக்காக வண்டி பூட்டிய கைகள், இன்று தமக்கென்று பழைய கார் ஒன்றையாவது வாங்குகின்றன. நமக்கும் மகிழ்ச்சியே.

அண்மையில் அப்படி ஒருவர் குடும்பத்துடன் வந்தார். அவ்வாரமே காரில் வேளாங்கண்ணிக்குப் புறப்படுவதாகச் சொன்னார். மந்திரித்து முடித்தபின், "இன்ஷ்யூரன்ஸ் உண்டா?" என்று வினவினோம். "மூன்று வருடத்துக்கு இருக்கிறது, சாமி" என்று தாளை நீட்டினார். எழுத்தோ கடுகினும் சிறிது; மூக்குக்கண்ணாடி தேடவேண்டியதாயிற்று. மூன்றாண்டு என்பது மெய்தான். ஆனால் அது மூன்றாம் தரப்புக் காப்பீட்டுக்கு மட்டுமே. தாளிலிருந்த பெயரும் விற்றவருடையதே.

மூன்றாம் தரப்பு என்பவர் யார்? காருக்கு உரியவர் முதல் தரப்பு. கம்பெனி இரண்டாம் தரப்பு. நம் வண்டியால் சாலையில் அடிபடுகிறவர் மூன்றாம் தரப்பு. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-ஆம் பிரிவு கட்டாயமாக்குவது அவருக்குரிய காப்பையே. அவர் இறந்தாலோ காயமுற்றாலோ தீர்ப்பாயம் விதிக்கும் இழப்பீட்டைக் கம்பெனி செலுத்தும். அதற்கு உச்சவரம்பு இல்லை. நம் காரோ நொறுங்கினாலும் களவு போனாலும் அந்தத் தாளைக் கொண்டு ஒரு காசும் பெற இயலாது. அதற்குச் சொந்தச் சேதக் காப்பீடு தனியே வேண்டும். இரண்டும் சேர்ந்ததையே முழுக் காப்பீடு என்கிறோம்.

குழப்பம் எங்கே நேர்கிறது? உச்ச நீதிமன்ற ஆணைப்படி 2018 செப்டம்பர் 1 முதல், புதிய காருக்கு மூன்றாம் தரப்புக் காப்பீட்டை மூன்றாண்டுக்கு முன்கூட்டியே எடுக்கவேண்டும். சொந்தச் சேதக் காப்பையோ பலர் ஓராண்டுக்கே எடுக்கின்றனர். அது முடிந்துபோனதை அறியாமல், மேலே அச்சிட்ட மூன்றாண்டைக் கண்டு அமைதியாய் உறங்குகின்றனர்.

கார் கைமாறும்போது மூன்றாம் தரப்புக் காப்பு சட்டப்படி வண்டியோடு செல்லும். சொந்தச் சேதக் காப்பு அவ்வாறு செல்லாது. வாங்கியவர் 14 நாட்களுக்குள் கம்பெனிக்கு விண்ணப்பித்துப் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும்.

நம்மை மிகவும் உறுத்தியது வேளாங்கண்ணிப் பயணமே. காரில் அவருடைய தாயார், மனைவி, இரு பிள்ளைகள். முழுக் காப்பீடு காரில் அமர்ந்து செல்வோரையும் காக்கும் என்றும், சட்டக் காப்பீடு மட்டும் உள்ள காரின் நிலை வேறு என்றும் உச்ச நீதிமன்றம் 2012-இல் தெளிவாக்கியது. வழியில் யாரென்றே தெரியாத ஒருவருக்கு உள்ள காப்பு, பின் இருக்கையில் செபமாலை சொல்லிக்கொண்டு வரும் தாய்க்கு இல்லாமற்போகலாம் என்பதே இதன் பொருள். இதைச் சொன்னபோது அவர் முகம் வாடிற்று. மற்றொன்று: சொந்தக் காரில் வாடகைக்கு ஆளேற்றினால், முழுக் காப்பீடு இருந்தும் கம்பெனி கைவிரிக்க இடமுண்டு.

முழுக் காப்பீட்டுக்கும் எல்லை உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணையில் கார்கள் மிதந்து சென்றதையும் மறந்திருக்கமாட்டீர்கள். வெள்ளச் சேதம் முழுக் காப்பீட்டுள் அடங்கும். ஆனால் நீரில் நின்ற காரின் சாவியைத் திருப்பினால் இஞ்சினுக்குள் நீர் புகுந்து பிஸ்டன் தண்டுகள் வளைந்துவிடும். "அது வெள்ளத்தால் வந்ததன்று, நீர் செய்ததால் வந்தது" என்று கம்பெனி மறுக்கும். இஞ்சினுக்கென்று தனிக் கூடுதல் காப்பு எடுத்தவருக்கே அங்கு வழியுண்டு. எனவே நீர் வடிந்தாலும் சாவியைத் தொடாதீர்கள். வண்டியை இழுத்துச் செல்ல ஆளை அழையுங்கள்.

பழுது பார்க்கும்போது பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களின் விலையில் பாதியைத் தேய்மானமென்று கழிப்பார்கள். கார் களவு போனாலோ தாளில் குறித்த மதிப்பே கிடைக்கும். பிரீமியத்தைக் குறைப்பதற்காக அம்மதிப்பைக் குறைத்தெழுதும் ஏஜெண்டின் தயவு நமக்கு வேண்டியதில்லை.

அவர் அவ்வாரம் பேருந்திலேயே வேளாங்கண்ணி சென்று வந்தார். பிறகு கம்பெனியிலிருந்து ஒருவர் வந்து காரைச் சுற்றிப் பார்த்து, இடப்பக்கக் கதவிலிருந்த பழைய கீறலைக்கூடப் படமெடுத்துச் சென்றாராம். புதிய தாளை நம்மிடம் கொண்டுவந்து காட்டினார்; இம்முறை பெயர் அவருடையது.