இருவர் வீட்டுக்குக் கிடங்கு விலையா?

"வாப்பா, கொஸ்ட்கோவில் உறுப்புரிமை எடுக்கலாமா?" அமெரிக்காவில் கணவருடன் வாழும் மகள் தொலைபேசியில் கேட்டாள். உறுப்பினருக்கு மட்டுமே பெரும் பொதிகளில் விற்கும் கிடங்குக் கடை அது.

நான் கணக்குப் பார்த்தேன். 2024 செப்டம்பரில் ஆண்டுக் கட்டணம் 65 டொலராக உயர்ந்தது. நூற்றுக்குப் பத்து மிச்சம் என்று வைத்துக்கொண்டால், 650 டொலருக்குச் சாமான் வாங்கிய பிறகுதான் கட்டணமே தேறும்.

விலை மலிவு என்பது பொய்யல்ல. ஆனால் சவர்க்காரமும் அரிசியும் இருக்கும். பாலும் பழமும் பாதி குப்பைக்குப் போனால் மலிவு எங்கே? தேங்கிய சரக்கு முடங்கிய முதல் என்பது வியாபாரிகளான நமக்குத் தெரியும். வீட்டு அலுமாரிக்கும் அதே கணக்குத்தான்.

"மூன்று மாதப் பற்றுச்சீட்டுகளைச் சேர்த்துப் பார் மகள். கெடாத சாமானுக்கே ஆண்டுக்கு 650 டொலரைத் தாண்டுமென்றால் சேர்" என்றேன்.

இப்போது பற்றுச்சீட்டுகளைச் சேர்க்கிறாள்.