உங்களுக்குத் தெரியுமா? திருகோணமலைக் கடலும் ஒரு சங்கீத விவாதமும்

திருகோணமலையின் சுவாமி மலையடியில் மூழ்கிக் கிடந்த கோணேசர் கோயிற் சிதைவுகளை, விஞ்ஞானக் கதாசிரியர் ஆர்தர் கிளார்க்கின் தோழராக, 1956இல் கடலடியிற் கண்ட மைக் வில்சனே, அக்கடலின் ஆழத்தையும் காட்டும் 'ரன்முத்து தூவ' என்னும் முதல் முழுநீளச் சிங்கள வர்ணச் சித்திரத்தை 1962இல் டைரக்ட் செய்தவர்.

அப்படத்துக்கு இசையமைத்தவர் சிங்கள சங்கீத வித்வான் அமரதேவா. ஹிந்தி, தமிழ் மெட்டுகளை இரவல் வாங்குவதே சிங்களப் படவுலகின் சம்பிரதாயமாயிருந்த காலத்தில், லக்னோ பாத்கண்டே கலாசாலையில் வி. ஜி. ஜோகிடம் வயலின் பயின்று திரும்பியிருந்த அவர், ராக ஞானத்தையும் சிங்கள நாட்டுப்பாடலின் எளிமையையும் ஒன்றாகக் குழைத்து வந்தார். அவ்விசை ஹிந்துஸ்தானிச் சாயலா, சுதேச சிருஷ்டியா என்று ரசிகர்கள் வாதிக்கலாம். இரவலுக்கும் கல்விக்கும் உள்ள பேதத்தை உணர்ந்தவர்க்கு, இரண்டும்தான் என்பதில் சங்கடம் இராது. அவருடைய திரைப் பிரவேசமோ, லக்னோ கல்விக்கும் முன்பே, 1947இல், முகம்மது கௌஸ் மாஸ்டர் இசையமைத்த 'அசோகமாலா' என்னும் படத்தில்!