விசில் போடாத குக்கர்

தேனி மாவட்டத்தின் வருசநாட்டுப் பக்கம் அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு மதியச் சாப்பாடு பள்ளியிலேயே கிடைத்துவிடுகிறது, முட்டையோடு. தொடக்கப் பள்ளியென்றால் 2022-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் சேர்ந்துகொண்டது. பிறகு வீட்டிலிருந்து போகும் டப்பாவுக்கு என்ன வேலை? இன்டர்வெல்லுக்கு ஒரு தின்பண்டம், அவ்வளவுதான். அந்த இடத்தை பேக்கரி கிரீம் பன்னும் ஐந்து ரூபாய் பாக்கெட்டும் பிடித்துக்கொண்டிருக்கின்றன. வீட்டிலேயே சுட்டுக் கொடுக்கலாமே என்றால், "ஓவனுக்கு எங்க போறது?" என்ற கேள்விதான் முதலில் வரும்.

ஓவன் செய்கிற வேலை, தண்ணீர் சேராத சூட்டை எல்லாப் பக்கமும் பரப்புவது. இட்லிக் கொப்பரையில் சூடு 100 டிகிரிக்கு மேல் ஏறாது. தண்ணீர் ஏற விடாது. விசிலடிக்கும் குக்கரில் ஆவியின் அழுத்தத்தால் 120 டிகிரி வரை போகும். ஆனால் மாவுப் பண்டம் சிவந்து மணக்க, அதன் மேற்புறம் சுமார் 140 டிகிரியைத் தொட வேண்டும். அப்போதுதான் மாவிலுள்ள புரதமும் சர்க்கரையும் கூடி நிறத்தையும் வாசத்தையும் உண்டாக்கும். 1912-இல் இதை விளக்கிய பிரெஞ்சு வேதியியலாளர் மையார் பெயரால் இது மையார் வினை எனப்படுகிறது. தோசை முறுகுவதும் கடலை வறுபட்டு மணப்பதும் இதே வினைதான்.

ஆக, குக்கரிலிருந்து தண்ணீரையும் அழுத்தத்தையும் எடுத்துவிட்டால் ஓவன் கிடைத்துவிடும். மூடியிலிருந்து வெயிட்டையும் கேஸ்கட்டையும் கட்டாயம் கழற்றிவிடுங்கள். உலர்ந்த சூட்டில் ரப்பர் பாழாகிவிடும். வெயிட் இருந்தால் உள்ளே காற்று அடைபடும். அடியில் இரண்டு விரற்கடை உயரம் மணல் பரப்பி, அதன்மேல் ஒரு ஸ்டாண்டு. மூல வைகை மணலென்றால் நன்றாக அலசி, வெயிலில் காயவைத்தது. கல் உப்பும் போடலாம். ஆனால் உப்புக் கல்லுக்குள் துளி ஈரம் இருக்கும்; சூடேறியதும் அது ஆவியாகிப் படபடவென்று வெடிக்கும். அதனால் மாவை வைக்கும் முன்பே வெறும் உப்பை வறுத்து அடங்கவிட வேண்டும். அடுப்பின் சூடு ஓரிடத்தில் குத்தாமல் பரவுவதற்குத்தான் மணல். தள்ளுவண்டிக் கடலைக்காரர் வாணலியில் மணலைப் போட்டு வறுப்பதும் இதற்காகவே. அலுமினியப் பாத்திரத்தை வெறுமனே காய்ச்சினால் நிறம் மாறி அடி கெட்டுப்போகும். அன்றாடக் குக்கரைப் பலிகொடுக்காமல் பரணில் கிடக்கும் பழையதை எடுத்துக்கொள்ளுங்கள். அடிகனமான இரும்புச் சட்டி இருந்தால் இன்னும் நல்லது.

இதில் ஒரு குறை உண்டு. சூடு அடியிலிருந்தே வருவதால் கேக்கின் தலை வெளுத்திருக்கும். அதற்கு நம்மூரிலேயே பழைய தீர்வு இருக்கிறது. தமிழக முஸ்லிம் வீடுகளில் ரவை, முட்டை, சர்க்கரை, நெய் சேர்த்துச் சுடும் தம்மடைக்கு, சட்டியின் மூடிமேலும் தணல் அள்ளிப் போடுவார்கள். மேலும் கீழும் நெருப்பு. ஓவனுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? கேஸ் அடுப்பில் அது முடியாது என்பவர்கள் வெளுத்த தலையை அப்படியே விட்டுவிடலாம். ருசி ஒன்றும் குறையாது.

அடுத்து மாவு. உண்மையான சிக்கல் இங்கேதான். கேழ்வரகில் 100 கிராமுக்கு 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. பாலில் இருப்பது சுமார் 120. சரி, மைதாவுக்குப் பதில் கேழ்வரகு என்று மொத்தமாக மாற்றிச் சுட்டால், கேக் உப்பாது, வெட்டும்போதே உதிரும். கோதுமையில் இருக்கும் இரண்டு புரதங்கள் தண்ணீர் பட்டுப் பிசைந்ததும் ரப்பர்போல இழுபடும் வலையாகின்றன. குளூட்டன் என்பது அதுதான். சோடா கிளப்பும் வாயுவை அந்த வலை பிடித்து வைத்துக்கொள்வதால் கேக் மேலெழுகிறது. கேழ்வரகிலோ கம்பிலோ சோளத்திலோ அந்த வலை கிடையாது. வாயு வரும், வந்த வழியே போய்விடும்.

ஆகவே கேக்குக்குப் பாதி கேழ்வரகு மாவு, பாதி கோதுமை மாவு. இரண்டுமாகச் சேர்த்து இரண்டு டம்ளருக்கு இரண்டு முட்டை, நன்றாகக் கனிந்த வாழைப்பழம் இரண்டு, அரை டம்ளர் எண்ணெய், அரை டம்ளர் தயிர், முக்கால் டம்ளர் வெல்லத்தூள், அரை டீஸ்பூன் சமையல் சோடா. முட்டையின் புரதம் சூட்டில் இறுகி, பாதியாகிவிட்ட வலைக்குக் கைகொடுக்கும். பழம், தோலில் கரும்புள்ளி விழுந்ததாக இருக்கட்டும். மாவுச்சத்து சர்க்கரையாக மாறிய நேரம் அது. தேனி மாவட்டத்தில் வாழைப்பழத்துக்கா பஞ்சம்! தயிர் ருசிக்காக மட்டுமல்ல. சோடாவுக்குப் புளிப்பு கிடைத்தால் மட்டுமே அது முழுதாக வாயுவாகும். இல்லாவிட்டால் சூட்டில் பாதி சிதைந்து, சோப்புச் சுவையை விட்டுப்போகும். உப்பவில்லையே என்று சோடாவை அள்ளிப்போடுகிறவர்களுக்கு இந்தச் சுவை நன்றாகத் தெரியும். போடியில் ஏலம் போகும் ஏலக்காய் இரண்டைத் தட்டி எண்ணெயிலேயே கலந்துவிடுங்கள். எளிதில் ஆவியாகும் அந்த வாசத்தைக் கொழுப்பு கொஞ்சம் பிடித்துவைக்கும். பத்து நிமிடம் காய்ந்த குக்கரில், கலந்த மாவை ஊற்றிய தட்டை இறக்கி, சிறு தீயில் முக்கால் மணி நேரம். குச்சியால் குத்தினால் ஒட்டாமல் வர வேண்டும்.

என்னைக் கேட்டால், சிறுதானியத்தைக் கேக்காக்குவது அதன் குணத்தோடு மல்லுக்கட்டுவது. அதன் குணத்துக்குப் பொருத்தம் பிஸ்கட். பிஸ்கட் செய்பவர்கள் கோதுமை மாவில் முதலில் வெண்ணெயைத் தேய்ப்பது எதற்கு? குளூட்டன் வலை உருவாகிக் கடினமாகிவிடாமல் தடுக்க. கம்பிலும் சோளத்திலும் தடுப்பதற்கு எதுவுமே இல்லை. கேக்கைக் கெடுத்த அதே உதிரும் குணம் இங்கே வாயில் கரையும் பிஸ்கட்டாகிறது. இரண்டு டம்ளர் சோள மாவுக்கு அரை டம்ளருக்குச் சற்று மேலாக நெய்யோ வெண்ணெயோ, உப்பு, சீரகம், பிடித்துச் சேர்க்க மட்டும் பால். தட்டையாக வில்லை தட்டி, ஒரு ஈடுக்கு ஏழெட்டு, கால் மணி நேரம். அடி சீக்கிரம் கருகும். பாதியில் திருப்பிப் போட வேண்டும்.

இதில் முருங்கைக் கீரையும் சேரும். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியிலிருந்து 1989-இல் வெளிவந்த பி.கே.எம். 1 முருங்கை நாடெங்கும் பரவியிருக்கிறது; அது பிறந்த மாவட்டத்துப் பிள்ளைக்குக் கீரை குழம்பில் மட்டும்தானா? ஆனால் பச்சைக் கீரையை அரிந்து போட்டால் அதன் தண்ணீர் பிஸ்கட்டை நமத்துப்போகச் செய்யும். நிழலில் உலர்த்தி நொறுக்கிய தூளாக ஒரு கரண்டி போதும்.

கம்பு மாவு மட்டும் தனி ஜாதி. அரைத்த உடனே அதிலுள்ள கொழுப்பை அதன் நொதியே சிதைக்க ஆரம்பித்துவிடும். சில நாளில் கசக்கும், சிக்கு வாடை அடிக்கும். கம்பை லேசாக வறுத்து அரைத்தால் அந்த நொதி அடங்கும். அப்படியும் ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அரைப்பதே புத்தி.

சுட்ட பண்டத்தைச் சூடு ஆறாமல் டப்பாவில் போட்டு மூடக் கூடாது. உள்ளே எழும் ஆவி மூடியில் பட்டு நீராகித் திரும்ப விழும். கேக்கானால் மதியத்துக்குள் பிசுபிசுக்கும், பிஸ்கட்டானால் மொறுமொறுப்பு போய்விடும். முதல் நாள் இரவே சுட்டு, ஆறவிட்டு, எவர்சில்வர் தூக்கில் இறுக மூடி வைத்து, காலையில் டப்பாவுக்கு மாற்றலாம். நமத்துப்போன பிஸ்கட்டைத் தூக்கிப் போட வேண்டாம். அதே மணல் குக்கரில் ஐந்து நிமிடம் வைத்தெடுத்து ஆறவிட்டால், ஏறிய ஈரம் வெளியேறி மறுபடி நொறுங்கும்.