வானம் ஒரு வாராக்கடன்!

விடியற்காலைக் குளிரில் மலையேறிப் போய் சூரியோதயத்தை எடுக்கிறீர்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் மலை இருக்கிறது. வானம் வெள்ளையடித்த சுவர். அடுத்த படத்தில் வானம் ஜோர். மலை தார் டின். 'பெரிய கேமராவா வாங்கணும்' என்று பி.எஃப். லோனுக்கு மனு எழுதுமுன் ஒரு நிமிஷம்.

உங்கள் கண் வானத்தைப் பார்த்தால் பாப்பா சுருங்கும், நிழலைப் பார்த்தால் விரியும். இரண்டையும் மூளை தைத்துக் கொடுத்துவிடும். கேமராவுக்கு ஒரே பார்வைதான். வெளிச்சம் இரட்டிப்பானால் ஒரு 'ஸ்டாப்'. நல்ல கேமரா சுமார் 14 ஸ்டாப் வித்தியாசம்வரை தாங்கும். அதுதான் டைனமிக் ரேஞ்ச். சூரியனும் மரநிழலும் ஒரே படத்தில் வந்தால் அதற்கு மேல் கேட்கும். சம்பளம் 14, செலவு 20. துண்டு விழத்தானே செய்யும்? அது வானத்துக்கா, பூமிக்கா என்று முடிவு செய்வதுதான் எக்ஸ்போஷர்.

ஆட்டோமேட்டிக்கில் விட்டால் கேமராவே முடிவு செய்யும். அதற்குத் தெரிந்தது நடுத்தரச் சாம்பல் ஒன்றுதான். பனிமலையும் சாம்பல், எருமையும் சாம்பல். ஆகவே பனிக்கு ஒன்றரை ஸ்டாப் கூட்டுங்கள். எருமைக்கு ஒன்று குறையுங்கள்.

இந்தக் கணக்கில் புலி, அமெரிக்காவின் ஆன்சல் ஆடம்ஸ். 1940 வாக்கில் ஃப்ரெட் ஆர்ச்சருடன் சேர்ந்து, கன்னங்கரேலில் தொடங்கி வெள்ளைவெளேர் வரை பூஜ்யம் முதல் பத்து என்று படி போட்டார். பெயர் 'ஸோன் சிஸ்டம்'. படிக்கு ஒரு ஸ்டாப்.

1941 நவம்பர் 1, சாயங்காலம். (அவர் தேதி குறித்து வைக்கவில்லை, நிலா நின்ற இடத்தை வைத்து வானியல்காரர்கள் பிற்பாடு கண்டுபிடித்தது.) நியூ மெக்சிகோவில் ஹெர்னாண்டஸ் கிராமம். கிழக்கே நிலா. கல்லறைச் சிலுவைகள் மேல் கடைசி வெயில். காரை நிறுத்தி, பெரிய பெட்டிக் கேமராவைத் தூக்கி வைத்தாச்சு. லைட் மீட்டரைக் காணோம்!

நிலாவின் பிரகாசம் சதுர அடிக்கு 250 காண்டில் என்பது அவருக்கு மனப்பாடம். அதை ஏழாவது படியில் வைத்து மனக்கணக்குப் போட்டார். எஃப்/32, ஒரு செகண்ட். க்ளிக். இரண்டாவது படத்துக்குத் தயாராவதற்குள் சிலுவைகள் மேலிருந்த வெயில் போயே போச்சு. அந்த ஒற்றை நெகட்டிவிலிருந்து போட்ட ஒரு பிரதி, 2006-ல் ஆறு லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது.

ஆடம்ஸ் கால நெகட்டிவில் முதலில் நிழலைக் காப்பாற்ற வேண்டும். டிஜிட்டலில் தலைகீழ். நிழல், வசூலாகிற கடன். கம்ப்யூட்டரில் இழுத்தால் வரும், புள்ளி புள்ளியாகக் கொஞ்சம் தள்ளுபடி போக. வெளுத்துப்போன வானம் வாராக்கடன். ஜப்தி பண்ணினாலும் திரும்பாது.

எனவே செல்போனில் வானத்தின் பிரகாசமான இடத்தைத் தொட்டு வெளிச்சத்தைக் குறையுங்கள். கேமராவில் ஹிஸ்டோகிராம் மேடு வலது ஓரச் சுவரில் போய் முட்டாமல் பாருங்கள். வானம், பூமி ரெண்டும் வேணுமா? ட்ரைபாடில் வைத்து, இரண்டிரண்டு ஸ்டாப் இடைவெளியில் மூன்று படம் எடுத்து ஒட்டலாம். மோசடி இல்லை, சார். 1850-களிலேயே பிரான்சில் குஸ்தாவ் லெ கிரே கடலுக்கு ஒன்று, வானத்துக்கு ஒன்று என்று இரண்டு நெகட்டிவை ஒட்டியிருக்கிறார்.

எதை விட்டுக்கொடுப்பது என்பதை மட்டும் அடிவாரத்திலேயே முடிவு பண்ணிவிடுங்கள். சூரியன் உங்கள் மேனேஜர் மாதிரி. பத்து நிமிஷம் பர்மிஷன் கேட்டால் தராது!