வீட்டுக்குள் இருக்கும் காற்றை அளக்கும் கருவி: எப்படி வைப்பது, எப்போது நம்புவது?



இருமலும் இரைப்புமாய் வருகிற குழந்தையின் தாயிடம் மருத்துவர் முதலில் கேட்கும் கேள்விகளில் ஒன்று, "வீட்டில் எந்த அடுப்பம்மா?" என்பதே. திருவண்ணாமலையைச் சுற்றியுள்ள செங்கம், போளூர், ஜவ்வாது மலைப் பக்கத்துக் கிராமங்களில் எரிவாயு அடுப்பு வந்துவிட்ட பல வீடுகளிலும், வெந்நீருக்கும் சோற்றுக்கும் விறகடுப்பு இன்னும் எரிகிறது. சவுக்கு விறகும் வேலிக்கருவேல முள்ளும் காய்ந்த கடலைச் செடியும் காசில்லாமலோ குறைந்த காசிலோ கிடைக்கின்றன. சிலிண்டருக்கு மொத்தமாய்ப் பணம் வேண்டும்.

"காற்றைச் சோதிக்கும் சிறு கருவிகள் இப்போது கிடைக்கின்றனவே, குழந்தைகள் வார்டுக்கோ கிராம ஊழியருக்கோ ஒன்று வாங்கித் தரலாமா?" என்று ஆதரவாளர்கள் எங்களிடம் கேட்பதுண்டு. தரலாம். ஆனால் தவறாக வைக்கப்பட்ட கருவி, கருவி இல்லாததைவிட அதிகக் கெடுதல் செய்யும். ஒரு தவறான எண்ணை நம்பி ஏழைத் தாயைக் குற்றஞ்சாட்டவும் கூடும். புகை நிறைந்த அறையை நல்ல அறை என்று விட்டுவிடவும் கூடும். ஆகவே இந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது என்பதை எளிய முறையில் விளக்க விரும்புகிறோம்.

கருவி எதைப் பார்க்கிறது?

கருவியின் திரையில் பொதுவாக "பி.எம். 2.5" என்று ஓர் எண் தெரியும். இது 2.5 மைக்ரானுக்கு உட்பட்ட நுண்துகள்களின் அளவு. தலைமயிரின் பருமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கான இத்துகள்கள் நுரையீரலின் கடைசி அறைகள் வரை சென்று தங்கிவிடுகின்றன. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, ஒரு கன மீட்டர் காற்றில் இவற்றின் 24 மணி நேரச் சராசரி 15 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. 2009-ல் வகுக்கப்பட்ட இந்தியத் தர அளவு 60 மைக்ரோகிராம்.

சிறு கருவி துகள்களை எடை போடுவதில்லை. உள்ளே ஒரு சின்ன விசிறி காற்றை இழுக்கிறது. லேசர் ஒளி அதன் குறுக்கே பாய்கிறது. துகள் பட்டுச் சிதறும் ஒளியைக் கொண்டு கருவி எடையைக் கணக்கிட்டுச் சொல்கிறது. அதாவது அது ஒரு மதிப்பீடு. ஆராய்ச்சிக்கூடத்திலோ, வடிகட்டித்தாளை முன்னும் பின்னும் நிறுத்து உண்மையான எடையைக் காண்கிறார்கள். இந்த வேறுபாட்டை மனதில் வைத்தால் பல குழப்பங்கள் தீரும்.

பக்கத்து மாவட்டத்தில் நடந்தது

அளப்பதால் என்ன பயன் என்பதற்கு நம் அருகிலேயே நல்ல உதாரணம் உண்டு. போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தில் டாக்டர் கல்பனா பாலகிருஷ்ணனும் அவருடன் பணிபுரிவோரும் தமிழ்நாட்டுக் கிராமச் சமையலறைகளின் புகையைப் பல ஆண்டுகளாக அளந்து வருகிறார்கள். 2018-ல் தொடங்கிய "ஹேப்பின்" என்னும் பன்னாட்டு ஆய்வில் விழுப்புரம், நாகப்பட்டினம் மாவட்டங்கள் சேர்ந்தன. குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகியவை மற்ற நாடுகள். நாட்டுக்குச் சுமார் 800 என, மொத்தம் ஏறக்குறைய 3,200 கர்ப்பிணிப் பெண்கள் பங்கேற்றார்கள். பாதிப்பேருக்கு எரிவாயு அடுப்பும் 18 மாத எரிவாயுவும் இலவசமாய்த் தரப்பட்டன. பெண்கள் தங்கள் உடைமேல் சிறு அளவுகருவியை அணிந்து, அன்றாட வேலைகளைச் செய்தார்கள்.

விறகில் சமைத்தவர்கள் சுவாசித்த நுண்துகள் சுமார் 71 மைக்ரோகிராம். எரிவாயு பெற்றவர்களுக்கு அது சுமார் 24 ஆகக் குறைந்தது. புகை இவ்வளவு குறைந்தும், 2022-ல் வெளியான முடிவின்படி குழந்தைகளின் பிறப்பு எடையில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. 2024-ல் வெளியான முடிவில், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் கடுமையான நிமோனியாவிலும் வித்தியாசம் காணப்படவில்லை. இது எல்லோரும் எதிர்பார்த்த செய்தி அல்ல. எனினும் அளந்தபடியால்தான் இது தெரிந்தது. அடுப்புகளை எண்ணி மட்டும் கணக்குக் கொடுத்திருந்தால், வெற்றி என்றே எழுதியிருப்பார்கள். 24 என்பதும் 15-க்கு மேல்தான் என்பதைக் கவனியுங்கள். காரணம் பற்றி ஆய்வாளர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். உதவி செய்கிறவர்கள் எல்லோருக்கும் இது ஒரு பாடம் என்று நினைக்கிறோம்.

எங்கே வைப்பது?

மனிதர் மூச்சு விடும் உயரத்தில் வைக்க வேண்டும். உட்கார்ந்திருப்பவருக்கும் நிற்பவருக்கும் பொதுவாக, தரையிலிருந்து ஒரு மீட்டருக்கும் ஒன்றரை மீட்டருக்கும் இடையில் வைப்பது வழக்கம். அடுப்பிலிருந்து குறைந்தது ஒரு மீட்டர் தள்ளியும், ஜன்னலுக்கும் மின்விசிறிக்கும் நேரெதிரே இல்லாமலும் இருக்கட்டும். பரண்மேலும் அலமாரிக்குள்ளும் வைக்கக் கூடாது. காற்றுத் துளைகளைச் சுவரோ திரைச்சீலையோ மறைக்கக் கூடாது.

வைத்த முதல் மணி நேரத்து எண்களைப் பெரிதாய் எடுத்துக்கொள்ளாதீர்கள். வாயுக்களை உணரும் பாகம் சூடேறி நிலைப்பட நேரம் ஆகும். சில கருவிகளுக்கு ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் கட்டாயம் வேண்டும். எப்போது அடுப்பு மூட்டினார்கள், எப்போது வீடு பெருக்கினார்கள், எப்போது மின்சாரம் போயிற்று என்று எழுதினால்தான் எண்ணுக்குப் பொருள் கிடைக்கும். மின்தடைக்குப் பின் கருவியின் கடிகாரம் சரியாய் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

எண் சரியில்லை என்று தோன்றினால்

1. எண் திடீரென்று ஏறினால்: கருவியைச் சந்தேகிக்குமுன் அறையைச் சுற்றிப் பாருங்கள். தாளிப்பு, ஊதுவத்தி, குழந்தைக்குக் காட்டும் சாம்பிராணிப் புகை எல்லாமே நுண்துகள்தான். கொசுவத்திச் சுருள் சிறியதாய்த் தோன்றினாலும், ஒரு சுருள் எரிந்து முடியும்போது வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளிவிடும் அளவுக்குச் சமம் என்று 2003-ல் வெளியான ஓர் ஆய்வு கண்டது. வார்டிலோ, நெபுலைசர் மருந்துத் துளிகளையும் கருவி புகையென்றே எண்ணிவிடும்.

2. காலையில் மட்டும் எண் அதிகமானால்: கார்த்திகை, மார்கழியில் ஈரக்காற்றும் பனியும் இருக்கும்போது, துகள்கள் ஈரத்தை உறிஞ்சி ஊதிப்போகின்றன. லேசர் அவற்றைப் பெரிதாகக் காண்கிறது. ஈரப்பதம் 80 சதவிகிதத்துக்கு மேலிருந்தால் எண்ணைச் சற்றுக் கழித்தே பார்க்க வேண்டும். ஆனால் தீபத் திருநாளில் ஊரெங்கும் விளக்கும் பட்டாசும் இருக்கையில் எண் ஏறினால், ஈரத்தை மட்டும் காரணம் சொல்லாதீர்கள்.

3. எண் எப்போதும் சைபராகவே நின்றால்: சந்தோஷப்பட வேண்டாம். பெரும்பாலும் விசிறி நின்றிருக்கும், அல்லது துளையில் சிலந்தி கூடு கட்டியிருக்கும். காதை வைத்து விசிறிச் சத்தம் கேட்கிறதா என்று பாருங்கள். மின்தொடர்பை நீக்கிவிட்டு, உலர்ந்த மெல்லிய தூரிகையால் துளையைத் துடைக்கலாம். ஈரத்துணியும் ஸ்பிரிட்டும் கூடாது.

4. "வாயு" எண் வார்டில் எகிறினால்: கை கழுவும் ஸ்பிரிட்டோ, தரை துடைத்த மருந்தோ காரணமாய் இருக்கலாம். அரை மணி நேரம் கழித்து மறுபடியும் பாருங்கள்.

5. இரண்டு கருவிகள் இரண்டு விதமாய்ச் சொன்னால்: இரண்டையும் ஒரே மேஜையில் ஒரு நாள் முழுதும் அருகருகே வையுங்கள். இரண்டும் சேர்ந்தே ஏறி இறங்கினால், வித்தியாசத்தைக் குறித்துக்கொண்டு பயன்படுத்தலாம். ஒன்று மட்டும் தன்னிஷ்டப்படி போனால் அதை ஒதுக்கிவிடுங்கள்.

கரியமில வாயுவின் எண்

சில கருவிகள் கரியமில வாயுவையும் காட்டும். வெளிக்காற்றில் இது பத்து லட்சத்தில் ஏறக்குறைய 420 பங்கு. நாம் வெளிவிடும் மூச்சிலோ சுமார் 40,000 பங்கு. ஆகவே நோயாளிகள் காத்திருக்கும் அறையில் எண் 1,000, 1,500 என்று ஏறினால், ஒருவர் விட்ட மூச்சை மற்றவர் இழுக்கிறார் என்று பொருள். காசநோய் பரவுவது இவ்வழியில்தான். மதனப்பள்ளிக்கு அருகே ஆரோக்கியவரத்தில் மிஷன்கள் சேர்ந்து நிறுவியது போன்ற பழைய காசநோய் மருத்துவமனைகளில் காற்றோட்டத்துக்கு அவ்வளவு முக்கியத்துவம் தரப்பட்டது காரணமில்லாமல் அல்ல.

இங்கும் ஒரு பிசகு உண்டு. பல கருவிகள், ஒரு வாரத்தில் கண்ட மிகக் குறைந்த அளவை வெளிக்காற்று என்று எண்ணித் தம்மைத் தாமே திருத்திக்கொள்ளும். இரவும் பகலும் ஆட்கள் இருக்கும் மூடிய வார்டில் இந்தத் திருத்தமே தவறாகி, எண் குறைவாய்த் தெரியும். கருவியை நிழலான திறந்த வெளியில் அரை மணி நேரம் வைத்து, அதன் கையேட்டில் சொன்னபடி மறுபடியும் திருத்த வேண்டும். மலிவான சில கருவிகள் கரியமில வாயுவை அளக்காமல், மற்ற வாயுக்களைக் கொண்டு ஊகித்துச் சொல்கின்றன. வாங்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஓர் எச்சரிக்கை: துகளை அளக்கும் கருவி கார்பன் மோனாக்சைடைக் காட்டாது. மூடிய அறையில் கரி நெருப்பு வைத்துத் தூங்குகிற வீட்டில், பி.எம். எண் குறைவாய் இருந்தாலும் உயிருக்கு ஆபத்து உண்டு.

கருவி காற்றைச் சுத்தம் செய்வதில்லை. ஜன்னலைத் திறக்கவும், அடுப்பைச் சுவரோரத்திலிருந்து திண்ணைப் பக்கம் மாற்றவும், கொசுவத்திக்குப் பதில் கொசுவலை கட்டவும் ஒரு காரணத்தைக் கையில் கொடுக்கிறது, அவ்வளவே. ஆகவே கருவி தர விரும்புகிறவர்கள், அதோடு நாலு கொசுவலைகளுக்கும், அடைத்துப்போன ஒரு ஜன்னலைத் திறந்து கம்பிவலை அடிப்பதற்கும் சேர்த்துத் தருவார்களானால், கொடுத்த கொடை முழுப் பலன் தரும்.