வெறுங்கால் வென்ற கேடயம்

விளையாட்டு வீண்பொழுது போக்கு எனக் கருதுவார் சிலர். உடற்கு உறுதியும் உள்ளத்திற்கு உவகையும் தருவது என்ற அளவில் அதனைப் போற்றுவார் பலர். இவ்விரு சாராரும் நோக்காது விடுவது ஒன்றுண்டு. ஒரு நாட்டு மக்கள் தம்மைப்பற்றித் தாமே கொண்ட தாழ்வெண்ணம் நீங்குதற்கு ஒரு விளையாட்டும் காரணமாதல் கூடும் என்பதே அது. 1911ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் கல்கத்தா மாநகரில் நிகழ்ந்த ஐ. எப். ஏ. கேடயப் போட்டி இதற்கு ஏற்ற சான்றாகும். அப்போட்டியின் முறையையும், அவ்வாண்டில் அது சென்ற போக்கையும், அதனால் விளைந்த பயனையும் யாம் ஈண்டு ஒருவாறு விளக்கப் புகுகின்றோம்.

போட்டியின் முறை

காற்பந்துப் போட்டிகள் இருவகைப்படும். ஒன்று லீக் முறை. அதன்கண் ஒவ்வொரு குழுவும் ஏனைய குழுக்கள் அனைத்தோடும் ஆடும். வெற்றிக்கும் சமனுக்கும் எண்கள் கொடுத்து இறுதியிற் கூட்டி முதல்வரைத் தெரிவர். மற்றொன்று தோற்றவர் அன்றே விலகும் முறை. இதனை நாக்-அவுட் என்பர். பதினாறு குழுக்கள் லீக் முறையில் ஒருமுறை ஆடி முடிப்பதற்கு 120 ஆட்டங்கள் வேண்டும். நாக்-அவுட் முறையில் 15 ஆட்டங்களே போதும். ஒவ்வோர் ஆட்டமும் ஒரு குழுவை வெளியேற்றுமாதலின், பதினைந்து குழுக்கள் வெளியேறப் பதினைந்து ஆட்டங்கள் என்பது எளிதில் விளங்கும்.

இவ்விரு முறைகளின் வேற்றுமையை நம் தூத்துக்குடிக் கரையினர்க்கு விளக்குதல் அரிதன்று. உப்பளத்தார்க்கு ஒருநாள் மழை பெய்து பாத்தி கரைந்தால், பின்வரும் வெயில் நாட்களில் அவ்விழப்பை ஈடு செய்துகொள்ளலாம். கல்லின்மேற் கால்வைத்துக் கடலடியில் இறங்கிய குளிகாரர்க்கோ மூச்சுத் தவறினால் மறுமுறை என்பது இல்லை. லீக் முறை உப்பளத்தார் வாழ்க்கையைப் போன்றது. நாக்-அவுட் முறை முத்துக்குளிப்பைப் போன்றது. ஒருநாள் அயர்ச்சி ஓராண்டு உழைப்பை அழித்துவிடும். ஆதலினாலேயே வலியார் வீழ்வதும் எளியார் எழுவதும் இம்முறையில் மிகுதியாக நிகழ்கின்றன.

இம்முறை இங்கிலாந்திலே 1871ஆம் ஆண்டில் எப். ஏ. கோப்பைப் போட்டியாகத் தொடங்கிற்று. முதற்போட்டியின் இறுதியாட்டம் 1872 மார்ச்சு 16ஆம் நாள் நடைபெற்றது. வாண்டரர்ஸ் என்னும் குழுவினர் ராயல் எஞ்சினியர்ஸ் என்னும் படைக்குழுவினரை ஒரு கோலால் வென்றனர். பிற்காலத்தில், 1955ஆம் ஆண்டு ஐரோப்பிய நாடுகளின் தலையாய கிளப்புகள் பதினாறு கூடித் தொடங்கிய ஐரோப்பியக் கோப்பையும் இம்முறையினதே. ஆயின் ஒரு வேறுபாடு உண்டு. அப்போட்டியில் இறுதியாட்டம் ஒழிந்த ஏனைய சுற்றுக்களில் தன் ஊரில் ஒருமுறையும் எதிரியின் ஊரில் ஒருமுறையும் ஆடி, இரண்டின் கோல்களையும் கூட்டி வெற்றியைத் துணிந்தனர்.

இந்தியாவில் இவ்விளையாட்டை முதற்கண் பரப்பினவர் ஆங்கிலப் பட்டாளத்தாரும் மிஷன் கல்விச் சாலையாருமே ஆவர். 1888இல் சிம்லாவில் டூரண்டு கோப்பையும், 1891இல் பம்பாயில் ரோவர்ஸ் கோப்பையும், 1893இல் கல்கத்தாவில் ஐ. எப். ஏ. கேடயமும் தோன்றின. கேடயத்தை முதலிற் பெற்றவர் ராயல் ஐரிஷ் ரைபிள்ஸ் பட்டாளத்தார். அதன்பின் பதினேழு ஆண்டுகள் எந்த இந்தியக் குழுவிற்கும் அது கிட்டவில்லை. 1889ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் நிறுவப்பெற்ற மோகன் பகான் கிளப்பார் 1906 முதல் 1908 வரை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து டிரேட்ஸ் கோப்பையை வென்றனர். எனினும் கேடயம் பட்டாளத்தார்க்கே உரியது என்னும் எண்ணம் இருபாலார் உள்ளத்திலும் ஊன்றியிருந்தது.

1911ஆம் ஆண்டின் ஆட்டங்கள்

அவ்வாண்டு மோகன் பகான் குழுவிற்குத் தலைவர் சிவதாஸ் பாதுரி. கோல் காவலர் ஹீராலால் முகர்ஜி. பின்காவலர் இருவர் பூதி சுகுல், சுதீர் சட்டர்ஜி. இடைநின்றோர் மன்மோகன் முகர்ஜி, ராஜேன் சென்குப்தா, நீல்மாதவ் பட்டாச்சார்யா என்னும் மூவர். முன்னணியில் ஆடினவர் கானு ராய், ஹாபுல் சர்க்கார், அபிலாஷ் கோஷ், விஜயதாஸ் பாதுரி, சிவதாஸ் பாதுரி என்னும் ஐவர். இப்பதினொருவருள் பூட்ஸ் அணிந்து ஆடினவர் சுதீர் சட்டர்ஜி ஒருவரே. ஏனைய பதின்மரும் வெறுங்காலினர்.

முதலாட்டம் ஜூலை 10ஆம் நாள் நிகழ்ந்தது. எதிர்த்தவர் புனித சவேரியார் கல்லூரிக் குழுவினர். 1542இல் நம் முத்துக்குளித்துறைக்கு வந்து திருத்தொண்டு புரிந்த அவ்வடியாரின் பெயர் தாங்கிய கல்லூரியே இவ்வரலாற்றின் வாயிலாக அமைந்தமை எமக்கு ஓர் இனிய நினைவாகும். மோகன் பகானார் மூன்று கோல்கள் போட்டனர். எதிரிக்கு ஒன்றும் இல்லை. 14ஆம் நாள் ரேஞ்சர்ஸ் குழுவினரை 2–1 என்ற கணக்கில் வென்றனர். 19ஆம் நாள் ரைபிள் பிரிகேடு பட்டாளத்தாரை 1–0 என்று வென்று, இறுதிக்கு முந்திய சுற்றை எய்தினர்.

அச்சுற்றில் 24ஆம் நாள் எதிர்நின்றவர் மிடில்செக்ஸ் பட்டாளத்தார். ஆட்டம் 1–1 எனச் சமனாயிற்று. அக்காலத்தே சமன் நேர்ந்தால் வேறொருநாள் மீண்டும் ஆடுதலே வழக்கம். களைத்த கால்களுக்கு ஒருநாளே ஓய்வு. 26ஆம் நாள் மீண்டும் ஆடினர். இம்முறை 3–0 என்று மோகன் பகானார் தெளிவாக வென்றனர். பட்டாளத்தாரின் உடல்வலிக்கு இந்தியர் நீண்டநேரம் ஈடுகொடார் என்று கூறி வந்தார்க்கு இவ்விரண்டாம் ஆட்டமே விடையாயிற்று.

இறுதியாட்டம் ஜூலை 29, சனிக்கிழமை. எதிரிகள் ஈஸ்டு யார்க்ஷயர் பட்டாளத்தார். ஆட்டத்தைக் காண்பதற்கென வெளியூர்களிலிருந்து தனி இரயில் வண்டி விடப்பெற்றது. ஆற்றுவழியே நீராவிப் படகுகளும் மக்களை ஏற்றி வந்தன. களத்தின் அருகே நெருங்க இயலாது தொலைவில் நின்றவர்க்கு, காற்றாடிகளைப் பறக்கவிட்டுக் கோல் கணக்கை அறிவித்தனர் என்பர். முதற்பாதியில் இருதிறத்தார்க்கும் கோல் இல்லை. பிற்பாதியில் ஜாக்சன் என்னும் பட்டாளத்தார் ஒரு கோல் போட்டார். அஞ்சற்பாலதாகிய அந்நேரத்தில் தலைவர் சிவதாஸ் பாதுரி தாமே பந்தைக் கொண்டுசென்று சமன் செய்தார். ஆட்டம் முடியும் தறுவாயில் அவர் தள்ளிக் கொடுத்த பந்தை அபிலாஷ் கோஷ் கோலுக்குட் செலுத்தினார். 2–1 என்று கேடயம் முதன்முதலாக ஓர் இந்தியக் குழுவின் கையில் வந்தது.

இருபது நாட்களில் ஆறு ஆட்டங்கள், போட்ட கோல்கள் பன்னிரண்டு, விட்டவை மூன்று. இக்கணக்கை நோக்குவார், இவ்வெற்றி நல்வினையால் ஒருநாள் வாய்த்ததன்று என்பதை உணர்வர்.

வெறுங்காலின் இயல்பு

வெறுங்காலோடு பூட்ஸ் காலினரை எதிர்த்தல் எங்ஙனம் இயலும் என்று வினவலாம். காய்ந்த நிலத்தில் வெறுங்காலுக்குச் சில நன்மைகள் உண்டு. பந்தின் அசைவை விரல்கள் உணரும். கால் இலேசாதலின் விரைந்து திரும்பலாம். நம் கடற்கரை மணலில் சிறுவர் ஆடும் ஆட்டத்தைக் கண்டார்க்கு இது புலனாகும். ஆயின் மழையில் நனைந்த புல்தரையில் வெறுங்கால் வழுக்கும். எதிரியின் பூட்ஸ் மேலே மிதித்தால் விரல் நசுங்கும். நம் தூத்துக்குடியில் தென்மேற்குப் பருவம் காற்றை மட்டும் தந்து மழையை மறுப்பது. வங்காளத்திலோ ஜூலைத் திங்களே பெருமழைக் காலம். அப்பருவத்தில் அவர்கள் வெறுங்காலோடு மூன்று பட்டாளங்களை வரிசையாக எதிர்த்தனர் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

எனினும் வெறுங்காலையே ஒரு தெய்வமாக்கி வழிபடுதலும் தகாது. 1948ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக் போட்டியில் பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடிய இந்தியக் குழு பிரான்சு நாட்டோடு 2–1 என்றே தோற்றது; இந்தியாவின் அந்த ஒரு கோலைப் போட்டவர் சாரங்கபாணி இராமன். நான்கு ஆண்டுகளின் பின் குளிர்மிக்க ஹெல்சிங்கி நகரில் யுகோஸ்லாவியாவிடம் 10–1 என்று தோற்றபின்னரே பூட்ஸ் அணிதல் இந்தியாவிற் கட்டாயமாயிற்று. 1911இல் வென்றது தோலுறை இன்மை அன்று. ஒருவர் குறிப்பை ஒருவர் அறிந்து பந்தைக் கொடுத்து வாங்கிய ஒற்றுமையும், இடைவிடாப் பயிற்சியுமே ஆம்.

வெற்றியின் பொருள்

இனி இவ்வெற்றி நிகழ்ந்த காலத்தை நோக்குவோம். 1905ஆம் ஆண்டு வங்காளம் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. அதனால் எழுந்த சுதேசிக் கிளர்ச்சியின் அலை நம் துறைமுகத்தையும் வந்து மோதிற்று. 1906இல் வ. உ. சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியில் சுதேசிக் கப்பற் கம்பெனியைத் தோற்றுவித்தார். 1908இல் அவர் கொடுந்தண்டனை பெற்றுச் சிறை புகுந்து செக்கிழுத்தார். கல்கத்தாவில் கேடயம் வென்ற நாளிலும் அவர் சிறையிலேயே இருந்தார். அதற்குச் சரியாக ஆறு வாரங்களுக்கு முன், 1911 ஜூன் 17ஆம் நாள், நம் ஊரையடுத்த மணியாச்சி இரயில் சந்திப்பில் கலெக்டர் ஆஷ் சுடப்பட்டு இறந்தார். சுட்ட வாஞ்சிநாதனும் தம்மைத்தாமே சுட்டு மாண்டார்.

ஒரே ஆண்டில், ஆறு வார இடையீட்டில், ஒரே மனக்கொதிப்பு தெற்கே துப்பாக்கியாகவும் வடக்கே பந்தாகவும் வெளிப்பட்டது. மணியாச்சியில் இரண்டு உயிர்கள் மறைந்தன. கல்கத்தாவில் ஒருவரும் மாளவில்லை. ஆயினும் ஆள்வோர் எல்லாவற்றிலும் மேலோர் என்ற எண்ணம் அங்கே அடிபட்டது. ஆட்டக்களத்தில் சட்டம் இருவர்க்கும் ஒன்றே. கோல் கம்பத்தின் அகலம் வெள்ளையர்க்கு ஒன்று, கறுப்பர்க்கு ஒன்று என்று இல்லை. நீதிமன்றத்திலும் துறைமுகத்திலும் கிட்டாத அச்சமநிலை களத்திற் கிட்டியது. கிட்டிய இடத்தில் நம்மவர் வென்றனர். அவ்வாண்டு டிசம்பர்த் திங்களில் வங்காளப் பிரிவினை நீக்கப்பட்டது இக்கேடயத்தால் என்று கூறுதல் மிகையாகும். ஆயின் இயலாது என்றிருந்தது இயன்றது என மக்கள் கண்ணாரக் கண்டனர் என்பது மிகையன்று.

கிறிஸ்தவ மாணவராகிய எமக்கு இவ்வரலாற்றில் மற்றொரு பொருளும் உண்டு. அப்பதினொருவருள் பூட்ஸ் அணிந்தவராகக் கூறப்பெற்ற சுதீர் சட்டர்ஜி கிறிஸ்தவர். இலண்டன் மிஷன் சங்கத்தாரின் கல்லூரியில் ஆசிரியர். ரெவரெண்டு என்னும் அடைமொழியோடு போற்றப்படுபவர். கிறிஸ்தவர் என்றால் ஆள்வோரின் பக்கத்தவர் என்று ஐயுற்ற காலம் அது. சமயம் ஆள்வோரோடு ஒன்றாயினும் நாடு வேறு என்பதை அவர் சொல்லால் நிறுவ முயலவில்லை. தம் கோலின் முன்னே பின்காவலராக நின்று காட்டினார். அவர் அருகே நின்ற பதின்மரும் அவர் காலில் இருந்த பூட்ஸையும் வேற்றுமையாக எண்ணவில்லை. கழுத்தில் இருந்த நம்பிக்கையையும் வேற்றுமையாக எண்ணவில்லை. பந்து வந்தபோது அவர்பால் தள்ளினர். அவரும் உரியார்க்குத் தள்ளினார். ஒரு நாட்டுக்குள் பல சமயத்தார் கூடி வாழும் நெறிக்கு இதனினும் எளிய விளக்கம் வேண்டுமோ?

மோகன் பகானாருக்குப்பின் 1936இல் முகம்மதன் ஸ்போர்ட்டிங் கிளப்பார் கேடயம் பெற்றனர். நாடு விடுதலை பெற்ற 1947ஆம் ஆண்டில் மோகன் பகானாரே அதனை மீண்டும் வென்றனர். ஜூலை 29ஆம் நாளை அக்கிளப்பார் ஆண்டுதோறும் விழாவாகக் கொண்டாடி வருகின்றனர். நம் கடலில் முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு ஓய்ந்துவிட்டது. கல்லின்மேற் கால்வைத்து இறங்கிய அவ்வீரர்தம் மூச்சடக்கமும், கயிற்றைப் பிடித்து மேலே நிற்பவன்பால் கொண்ட நம்பிக்கையும் நம் இளைஞரிடம் ஓய்ந்துவிடலாகாது. மாலைதோறும் கல்லூரிக் களத்தில் இறங்கும் மாணவ நண்பர்கள், காலில் பூட்ஸ் உண்டோ இல்லையோ என்பதை எண்ணாது, அருகில் நிற்பவன் பந்தைத் தருவான் என்னும் துணிவோடு ஆடுவார்களாக. கேடயம் கிட்டுதல் கிட்டாமை பிறகு வருவது.